பி.காம். வணிகச் சட்டத் தாளுக்குத் தேர்வு வடிவமைப்பது எப்படி: புதிதாகப் பாடம் எடுக்க வந்திருக்கும் ஆசிரியருக்கு

நீங்கள் எம்.காம். முடித்து, தகுதித் தேர்விலும் வென்று, தமிழ்நாட்டின் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். கணக்கியலும் செலவுக் கணக்கும் மூத்தவர்களிடம் போய்விட, மீதியிருந்த வணிகச் சட்டம் உங்கள் கால அட்டவணையில் வந்து விழுந்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. பாடம் நடத்துவதை ஒருவாறு சமாளித்துவிட்டேன். ஆனால் தேர்வு வைப்பதில் முதல் இரண்டு பருவங்களும் தடுமாறினேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை மனப்பாடமாக ஒப்பித்த மாணவர், தன் அண்ணன் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பிரிவைக் காட்டி ‘இது செல்லுமா?’ என்று கேட்டபோதுதான், நான் இதுவரை சோதித்தது அவருடைய நினைவாற்றலை மட்டுமே என்பது உறைத்தது. அந்தத் தடுமாற்றம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, நான் இப்போது பின்பற்றும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

பருவம் தொடங்கிய முதல் வாரத்துக்குள் ஐந்து ஆவணங்களைச் சேர்த்துவிடுங்கள். அந்தக் கல்வியாண்டில் சேர்ந்த மாணவர்களுக்குப் பொருந்தும் பாடத்திட்டம், தேர்வு விதிமுறைகள், கடந்த நான்கைந்து பருவங்களின் பல்கலைக்கழக வினாத்தாள்கள், அகமதிப்பீட்டுத் தேதிகள் குறிக்கப்பட்ட கல்லூரி நாட்காட்டி, சட்டத்தின் மூல வாசகம் ஆகியவையே அவை. சட்டத்தின் மூல வாசகத்துக்கு நீங்கள் காசு செலவழிக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் ‘இந்தியா கோட்’ தளத்தில் திருத்தங்கள் சேர்க்கப்பட்ட வாசகம் இலவசமாகக் கிடைக்கிறது. தீர்ப்புகளைப் படிக்க ‘இந்தியன் கானூன்’ தளம் போதும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பாடத்திட்டம் மாறும்போது இரண்டாமாண்டு மாணவர்களுக்கு ஒன்றும் முதலாமாண்டு மாணவர்களுக்கு வேறொன்றுமாக இரண்டு திட்டங்கள் ஒரே நேரத்தில் நடைமுறையில் இருக்கும். துறை அலமாரியில் கிடைக்கும் நகலை நம்பாமல், அதன் முகப்பில் ‘எந்த ஆண்டு சேர்ந்தவர்கள் முதல்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பாடத்திட்டத்தில் இல்லாத முகவாண்மை (ஏஜென்சி) பகுதியிலிருந்து பத்து மதிப்பெண் கேள்வி கேட்டுவிட்டு, திருத்தும்போது அனைவருக்கும் முழு மதிப்பெண் போட வேண்டிய நிலை எனக்கு வந்தது.

2. எந்த மதிப்பெண் உங்கள் கையில் இருக்கிறது

பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்ட கல்லூரிகளில் பெரும்பாலும் பருவத் தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25 என்று மதிப்பெண் பிரிந்திருக்கும். அந்த 75-இன் வடிவம் பல இடங்களில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஐந்து, பத்து மதிப்பெண் கேள்விகள் மூன்று என்று அமைந்திருக்கிறது. அதை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் 25-இல் எழுத்துத் தேர்வு எவ்வளவு, ஒப்படைப்பு எவ்வளவு, கருத்தரங்கு எவ்வளவு என்ற பிரிப்பு விதிமுறையில் எழுதப்பட்டிருந்தாலும், அவற்றுக்குள் எத்தகைய கேள்வி கேட்பது என்பது முழுக்க உங்கள் விருப்பம். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பருவத் தேர்வுத் தாளையே பாடக்குழு வழியாக மாற்றலாம். அதற்குக் குறைந்தது ஓராண்டு ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அகமதிப்பீட்டில் பல்கலைக்கழக வடிவத்தை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. மாணவருக்குப் பழக்கம் வேண்டும். ஆகவே இரண்டு அகத்தேர்வுகளில் ஒன்றைப் பல்கலைக்கழக வடிவத்திலும், மற்றதைச் சிக்கல் கேள்விகளாகவும், அதாவது ஒரு நிகழ்வைக் கொடுத்து அதற்குச் சட்டம் என்ன சொல்லும் என்று கேட்பவையாகவும் வைத்துக்கொள்கிறேன். இதற்குத் துறைத்தலைவரின் ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

3. கேள்விக்கு முன்னால் விடைக்குறிப்பை எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். என் முதல் பருவத்தில் நான் கேட்ட கேள்வி இது: ‘ஒருவர் தம் பழைய ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்டது என்பதைச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியுமா?’ முடியும் என்பதே விடை என்று மனத்தில் வைத்திருந்தேன். முடியாது என்று எழுதியவர்களுக்கு இரண்டு, மூன்று என்று போட்டுத் தள்ளினேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று, கடைசி வரிசை மாணவி ஒருவர் சட்ட வாசகத்தின் நகலோடு வந்து, 17-ஆம் பிரிவின் விளக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். வெறும் மௌனம் மோசடி ஆகாது; பேச வேண்டிய கடமை இருந்தாலோ, மௌனமே பேச்சுக்குச் சமமாக இருந்தாலோ மட்டுமே அது மோசடி. என் கேள்வியில் அந்த இரண்டில் எதுவும் இல்லை. அவர் எழுதியதுதான் சரி. அன்று மாலை 58 விடைத்தாள்களையும் மறுபடி திருத்தினேன்.

விடைக்குறிப்பை முதலில் எழுதியிருந்தால், ‘எந்த உண்மையின் அடிப்படையில் இந்த மௌனம் மோசடியாகிறது?’ என்ற கேள்வி எனக்கே எழுந்திருக்கும். பிரிவு எண், அப்பிரிவின் கூறுகள், ஒவ்வொரு கூறுக்கும் கேள்வியில் உள்ள உண்மை என்று மூன்று நெடுவரிசைகளாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்றாம் நெடுவரிசையில் ஏதாவது ஓர் இடம் காலியாக இருந்தால் கேள்வி இன்னும் முழுமையாகவில்லை.

4. சிக்கல் கேள்வியைக் கட்டுவது

இதற்கு வழிகாட்டி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பிரிவுகளுக்குக் கீழே எடுத்துக்காட்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள். 17-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்: நலமில்லாத குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்கிறார், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது மோசடி அன்று. அடுத்ததில் வாங்குபவர் விற்பவரின் மகள்; அப்போதுதான் மேஜர் ஆனவர். அந்த உறவினால் சொல்ல வேண்டிய கடமை வந்துவிடுகிறது. அதற்கடுத்ததில் வாங்குபவர், ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்’ என்கிறார். விற்பவர் வாய் திறக்கவில்லை. இங்கே மௌனம் பேச்சுக்குச் சமம். குதிரை அதேதான், மௌனமும் அதேதான். மாறியது ஒரேயொரு உண்மை. நல்ல சிக்கல் கேள்வி என்பது இப்படி ஒரு உண்மையை மட்டும் நகர்த்திப் பார்ப்பது.

25-ஆம் பிரிவிலும் இதே உத்தி இருக்கிறது. 1,000 ரூபாய் பெறுமானமுள்ள குதிரையைப் பத்து ரூபாய்க்குத் தர ஒருவர் சுதந்திரமாகச் சம்மதித்தால், மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவது) போதாமல் இருந்தாலும் அது ஒப்பந்தம்தான். ஆனால் அவர் ‘என் சம்மதம் சுதந்திரமானதன்று’ என்று சொன்னால், அந்தச் சொற்ப விலையையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

என் ஸ்கூட்டர் கேள்வியை இந்த முறையில் திருத்தி எழுதியது இப்படி வந்தது:

‘கரூரில் அரசு ஊழியராக இருக்கும் செல்வி, தாம் நான்கு ஆண்டுகள் ஓட்டிய ஸ்கூட்டரை அண்டை வீட்டு பாஸ்கருக்கு ரூ. 42,000-க்கு விற்றார். அவ்வண்டி ஒரு விபத்தில் சிக்கி, அதன் சட்டகம் வளைந்து நிமிர்த்தப்பட்டது என்பது செல்விக்குத் தெரியும். விலை பேசும்போது பாஸ்கர், “அடிபட்ட வண்டியென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அடிபடவில்லை என்று எடுத்துக்கொண்டு பணத்தைத் தருகிறேன்” என்றார். செல்வி பதில் சொல்லாமல் சாவியை நீட்டினார். ஒரு மாதம் கழித்துப் பழுது பார்க்கக் கொண்டுபோனபோது மெக்கானிக் உண்மையைச் சொன்னார். பாஸ்கர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியுமா? ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படையில் மட்டும் விடை எழுதுக.’

இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலைக்காக நிற்கிறது. செல்வி அரசு ஊழியர் என்று சொல்லியிருப்பது, அவர் வண்டி வியாபாரி அல்லர் என்று காட்டுவதற்காக. இல்லாவிட்டால் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16-ஆம் பிரிவின் தகுதி, தரம் பற்றிய உள்ளடங்கிய (வெளிப்படையாகச் சொல்லாமலே அடங்கியிருக்கும்) நிபந்தனைகளை மாணவர் இழுத்து வருவார். கடைசி வாக்கியமும் அதே வேலியைத்தான் போடுகிறது. அண்டை வீட்டுக்காரர் என்பதை மட்டும் வேண்டுமென்றே திசைதிருப்புவதற்காக வைத்தேன். அக்கம்பக்கத்து உறவினாலேயே பேச வேண்டிய கடமை வந்துவிடும் என்று எழுதுபவர், விதியைச் சரியாகப் படிக்கவில்லை என்பது அதில் தெரிந்துவிடும். திசைதிருப்பும் உண்மை ஒரு கேள்வியில் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இனி இதன் விடைக்குறிப்பு. 17-ஆம் பிரிவின் விளக்கப்படி மௌனம் இங்கே பேச்சுக்குச் சமம். 19-ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் பாஸ்கரின் விருப்பத்தின் பேரில் தவிர்க்கத்தக்கது, அதாவது அவர் விரும்பினால் ரத்து செய்யலாம், அதுவரை செல்லும். இதோடு நிறுத்திவிடாதீர்கள். 19-ஆம் பிரிவுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது: மோசடியான மௌனத்தால் சம்மதம் பெறப்பட்டிருந்தாலும், சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், ஒப்பந்தம் தவிர்க்கத்தக்கது ஆகாது. வாங்கும் முன் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுவது சாதாரண அக்கறைதானா, அல்லது வண்டிக்காரியிடமே நேராகக் கேட்டதே போதுமா? இதில் இரண்டு பக்கமும் வாதாடலாம். ஆகவே என் குறிப்பில், ‘எந்த முடிவுக்கு வந்தாலும், காரணம் சொல்லியிருந்தால் முழு மதிப்பெண்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இந்த விதிவிலக்கைத் தொடுபவர் 60 பேரில் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள்; அவர்களைக் கண்டுபிடிக்கவே இந்தக் கேள்வி.

தீர்ப்புகளிலிருந்தும் கேள்வி கட்டலாம். நம் ஊர் நீதிமன்றத்தின் இரண்டு பழைய தீர்ப்புகள் வகுப்பில் எப்போதும் உயிரோடு பேசப்படுகின்றன. 1882-இல் சின்னையா எதிர் ராமய்யா வழக்கில், தாய் மகளுக்குச் சொத்தைத் தானமாகக் கொடுத்து, தம் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தரச் சொல்ல, மகள் அவ்வாறே எழுதிக்கொடுத்துப் பின் மறுத்தார். மறுபயன் வாக்குறுதி பெற்றவரிடமிருந்தே வர வேண்டியதில்லை, தாய் கொடுத்ததே போதும் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. தற்கொலை செய்துகொள்வேன் என்ற மிரட்டலை வற்புறுத்தலாகக் கொண்ட சிக்கம் அம்மிராஜு எதிர் சிக்கம் சேஷம்மா வழக்கும் அதே நீதிமன்றத்தைச் சேர்ந்தது. ஆனால் வழக்கின் பெயரைக் கேட்டு மதிப்பெண் கொடுக்காதீர்கள். உண்மைகளை மாற்றிக் கொடுத்து, அந்தத் தீர்ப்பின் காரணம் இங்கேயும் பொருந்துமா என்று கேளுங்கள்.

5. மதிப்பெண்ணைப் பிரித்து, மாணவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்

பத்து மதிப்பெண் சிக்கல் கேள்விக்கு நான் பிரிப்பது இப்படி: சிக்கல் எது என்று அடையாளம் காண்பதற்கு 2, சட்டவிதியைச் சொல்வதற்கு 3, அதை உண்மைகளோடு பொருத்துவதற்கு 4, முடிவுக்கு 1. முடிவுக்கு ஒன்றுதானா என்று கேட்பார்கள். நாணயத்தைச் சுண்டிவிட்டாலும் பாதி வாய்ப்பில் சரியாகிவிடும் பகுதிக்கு அதற்கு மேல் கொடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். இந்தப் பிரிப்பைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே கரும்பலகையில் எழுதி, ஒரு மாதிரி விடையை வகுப்பிலேயே மாணவர்களை விட்டுத் திருத்தச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போகும். ஆனால் ‘எனக்கு ஏன் குறைந்தது’ என்று துறை வாசலில் நிற்கும் கூட்டம் பாதியாகும்.

தரமதிப்பீட்டுக்காகக் கேள்விகளுக்குப் பக்கத்தில் கே1 (நினைவுகூர்தல்) முதல் கே6 (உருவாக்குதல்) வரை அறிவுநிலை குறிக்கச் சொல்வார்கள். வினைச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நிலையை உயர்த்திக் காட்டும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. ‘மறுபயனின் கூறுகளைப் பகுத்தாய்க’ என்று கேட்டாலும் மாணவர் எழுதப்போவது மனப்பாடம் செய்த பட்டியலைத்தான். அது கே4 (பகுத்தாய்தல்) என்று தாளில் இருப்பதால் கே4 ஆகிவிடாது.

6. பழைய வினாவங்கியை அப்படியே எடுக்காதீர்கள்

துறையில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் வினாவங்கி நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் சட்டம் நகர்ந்துவிட்டிருக்கும். நீதிமன்றத்தால் காப்பாளர் நியமிக்கப்பட்டவருக்கு 21 வயதில்தான் மேஜர் நிலை என்ற கேள்வி இன்னும் சுற்றுகிறது. இந்திய மேஜர் வயதுச் சட்டத்தில் 1999-ஆம் ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பின் அனைவருக்கும் 18 தான். கூட்டாண்மையில் உச்ச எண்ணிக்கை 20 என்று இருக்கும்; 2013-ஆம் ஆண்டின் நிறுமச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் அது 50. 1986-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு எண்கள் இருக்கும். 2019-இன் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்துவிட்டது. வற்புறுத்தலை வரையறுக்கும் ஒப்பந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தைக் குறிப்பிடுகிறது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. பழைய பெயரை எழுதும் மாணவருக்கும் புதிய பெயரை எழுதும் மாணவருக்கும் என்ன செய்வது என்பதை விடைக்குறிப்பில் முன்பே முடிவு செய்யுங்கள். நான் இரண்டுக்கும் மதிப்பெண் கொடுக்கிறேன்.

7. சட்ட நகலைக் கையில் கொடுத்து ஒரு தேர்வு

இரண்டாம் அகத்தேர்வில் ஒப்பந்தச் சட்டத்தின் முதல் 75 பிரிவுகளின் நகலை மேசைமேல் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறேன். சிறு எழுத்தில் இருபுறமும் அச்சிட்டபோது ஒரு நகலுக்கு 14 தாள்கள், அதாவது 28 பக்கங்கள் ஆயின. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு ஒரு ரூபாய் வீதம் 60 நகல்களுக்கு ரூ. 1,680. துறை நிதியிலிருந்து ஒருமுறை வாங்கினால் சட்டம் திருத்தப்படும்வரை ஆண்டுதோறும் பயன்படும். ஒவ்வொரு நகலுக்கும் எண் போட்டு, தேர்வு முடிந்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள். மாணவர்களே கொண்டுவரட்டும் என்று விட்டால், ஓரங்களில் பென்சிலால் எழுதிய குறிப்புகளோடு வரும். அவற்றைச் சோதிப்பதிலேயே அரைமணி நேரம் போய்விடும்.

இத்தகைய தேர்வில் ‘வரையறு’ என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் வீண். நேரத்தையும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பிரிவைத் தேடிப் படிக்கவே முதல் முறை மாணவர் திணறுவார். இரண்டு மணி நேரத்துக்கு மூன்று சிக்கல் கேள்விகள் போதும்.

8. ஒப்படைப்பு

‘தகாச் செல்வாக்கு பற்றிப் பத்துப் பக்கம் எழுதுக’ என்றால் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துவிடும், சில சமயம் இல்லாத வழக்கையும் உண்டாக்கிச் சேர்த்துவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரையும் ஓர் உண்மையான ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள்: வீட்டு வாடகை ஒப்பந்தம், நகைக்கடன் சீட்டின் பின்புறம், கைபேசிச் செயலியின் விதிமுறைகள், அப்பா கையெழுத்திட்ட வாகனக் கடன் தாள். அதில் மூன்று பிரிவுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் சட்டத்தின் எந்தப் பிரிவைத் தொடுகிறது என்று இரண்டு பக்கத்துக்குள் எழுத வேண்டும். செயலியின் விதிமுறைகளைக் கொண்டுவருபவர்கள், மின்னணு ஒப்பந்தம் செல்லும் என்று சொல்லும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவை எப்படியும் தொட்டாக வேண்டியிருக்கும்.

பெயர், ஆதார் எண், கணக்கு எண் ஆகியவற்றைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் நகலைத் தர வேண்டும் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்த முதல் ஆண்டில், ஒரு குடும்பத்தின் கடன் விவரம் முழுவதும் துறை மேசையில் இரண்டு நாள் கிடந்தது. எழுதியது மாணவர்தானா என்பதைத் தெரிந்துகொள்ள ஆளுக்கு மூன்று நிமிட வாய்மொழிக் கேள்வி வைக்கிறேன். 60 பேருக்கு மூன்று மணி நேரம். நான்கு பாடவேளைகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

9. மொழி

தமிழ்வழி மாணவர்களுக்குக் கேள்வி எழுதும்போது கலைச்சொல்லில் கவனம் வேண்டும். ஒரு நூலில் மறுபயன் என்று இருப்பது இன்னொன்றில் கைம்மாறு. ஒருவர் தவிர்க்கத்தக்க ஒப்பந்தம் என்பதை மற்றவர் ரத்து செய்யத்தக்க ஒப்பந்தம் என்பார். செல்லாதது, தவிர்க்கத்தக்கது இரண்டையும் பிரித்தறிவதே கேள்வியாக இருக்கையில், சொல்லே குழப்பினால் நீங்கள் சோதிப்பது சட்டத்தை அன்று. பருவத்தின் தொடக்கத்தில் ஒரு பக்கச் சொற்பட்டியலைக் கொடுத்துவிட்டு, கேள்வித்தாளில் அதிலுள்ள சொற்களை மட்டுமே பயன்படுத்துங்கள். இருமொழித் தாளாக இருந்தால் இரண்டு வடிவங்களையும் வேறொரு ஆசிரியரிடம் கொடுத்து, ஒன்றைப் பாராமல் மற்றதுக்கு விடை சொல்லச் சொல்லுங்கள். என் தாளில் ஒருமுறை ஆங்கில வடிவத்தில் ‘17 வயது’ என்றும் தமிழில் ‘18 வயது’ என்றும் அச்சாகி, ஒரே கேள்விக்கு இரண்டு எதிரெதிர் விடைகள் சரியாகிவிட்டன.

10. காலக்கணக்கு

பருவம் ஒன்றுக்குச் சுமார் 90 வேலை நாட்கள். முதல் அகத்தேர்வுக்கு 30-ஆம் நாளையொட்டியும் ஒப்படைப்புக்கு 50-ஆம் நாளும் சட்ட நகலோடு எழுதும் தேர்வுக்கு 70-ஆம் நாளும் எனக்குப் பொருந்துகின்றன. கேள்வித்தாளைத் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே எழுதி, ஒரு வாரம் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, பின்பு நீங்களே கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். உங்களுக்கு 40 நிமிடம் ஆனால் மாணவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

சிக்கல் கேள்வித் தாளைத் திருத்த ஒருவருக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். 60 பேருக்குப் பத்து மணி நேரம். ஒருவரின் தாளை முழுதாகத் திருத்தாமல், எல்லோருடைய முதல் கேள்வியையும் முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போனால் கை ஒரே சீராக இருக்கும். பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள். அதற்கு மேல் போனால் மாணவர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார். திருப்பிக் கொடுப்பதற்கு முன் நல்லது, நடுத்தரம், குறைவு என்று மூன்று விடைத்தாள்களை நகலெடுத்து, வினாத்தாள், விடைக்குறிப்பு, மதிப்பெண் பட்டியலோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தரமதிப்பீட்டுக் குழு கேட்கும்போதும், அடுத்த ஆண்டு வகுப்பில் மாதிரி விடை காட்டவும் அதுதான் உதவும். அப்படிக் காட்டும்போது மாணவரின் பெயரையும் பதிவெண்ணையும் மறைத்துவிடுங்கள்.